இரண்டு நாசி, ஐந்து நிமிடம்

வலிப்பு நோய்க்கான மருந்தை மூக்கின் வழியே கொடுப்பது என்று சொல்லும்போது, பெயரளவில் ஒன்றாகத் தோன்றினாலும் செயலளவில் வேறான இரண்டு முறைகள் ஒரே பேச்சில் கலந்துவிடுகின்றன. ஒன்று, மூக்கின் உட்சுவரில் படும் மருந்து அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் ஊறி, இரத்தத்தோடு சுற்றிவந்து மூளையை அடைவது. இது மருத்துவரின் சீட்டுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் தெளிப்பானாக இந்தியாவில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. மற்றொன்று, மணத்தை அறியும் நரம்பைப் பற்றிக்கொண்டு, இரத்தத்தில் கலக்காமலே மூக்கின் உச்சியிலிருந்து மூளைக்குள் மருந்து நேரே ஏறுவது. இது இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்தில், எலியின் மூக்கோடு நிற்கிறது. முன்னதை நம்பிக் கைவசம் வைத்துக்கொள்ளலாம், பின்னதைக் கவனித்துக்கொண்டிருக்கலாம் என்பதே இன்றைய நிலை. இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்படும் பரபரப்புச் செய்திகளால் நோயாளிகளுக்கு எந்த நன்மையும் இல்லை.

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கரைக்கு இவ்விரண்டோடும் உறவு உண்டு. வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் இக்கரையில் கடலுக்குச் சென்றிருக்கும் ஒருவருக்கு வலிப்பு கண்டால், மருத்துவமனையின் தொலைவைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது, மணிக்கணக்கால்தான் அளக்க வேண்டும். ஆகவே முதல் முறை இங்கே உயிரைப் பற்றியது. இரண்டாம் முறைக்காக உலகெங்கும் ஆய்வாளர்கள் நாடும் பொருள்களுள் முதன்மையான ஒன்றோ, இந்நகரின் இறால் கம்பெனிகளில் கழிவாகக் குவிகிறது.

மூளையின் நரம்பணுக்கள் தத்தம் முறைக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் மிகையாக மின்துடிப்பை எழுப்புவதால் உண்டாவது வலிப்பு. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் ஏதுமின்றி அது மீண்டும் மீண்டும் வரும்போதுதான் வலிப்பு நோய் என்று பெயர் பெறுகிறது. மக்கள் வழக்கில் இழுப்பு, காக்காய் வலிப்பு, ஃபிட்ஸ் என்றெல்லாம் வழங்குவது இதுவே. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் இருக்கிறது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜசேகர் குழுவினர் வேலூர் மாவட்டத்தில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரம் பேரில் 3.83 பேருக்கு நோய் செயல்நிலையில் இருப்பதையும், அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குப் பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கியதே காரணமாக இருப்பதையும் காட்டியது. அன்றாடம் உரிய மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பதால், மூக்கு மருந்து பற்றிய பேச்சு எதுவும் மாத்திரையை நிறுத்துவதற்கான காரணமாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாத்திரை உட்கொள்பவருக்கும் சில வேளைகளில் வலிப்பு மீறி வரும். அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். கைகால் இழுக்கும் வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்பது அரிது என்றும், 30 நிமிடத்தைத் தாண்டினால் மூளைக்கு நிலையான கேடு நேரலாம் என்றும் பன்னாட்டு வலிப்பு நோய்த் தடுப்புக் கழகம் 2015-இல் வரையறுத்தது. 5 நிமிடம் என்னும் எல்லைக்கு நரம்பணுவிலேயே விளக்கம் இருக்கிறது. மூளையில் துடிப்பை அடக்கும் வேலையைச் செய்வது காபா என்னும் வேதிப்பொருள். அது வந்து பொருந்துவதற்கான ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பில் அமைந்துள்ளன. வலிப்பை உடனே நிறுத்தும் டயஸெபாம், லோரஸெபாம், மிடசோலம் ஆகிய மருந்துகள், அதாவது பென்ஸோடயஸெபீன் குடும்பத்தைச் சேர்ந்தவை, இந்த ஏற்பிகளைப் பற்றிக்கொண்டுதான் காபாவின் வலிமையைக் கூட்டுகின்றன. வலிப்பு நீடிக்க நீடிக்க நரம்பணு அந்த ஏற்பிகளைத் தன் உள்ளே இழுத்துக்கொள்கிறது. காலம் தாழ்ந்து வரும் மருந்து பிடித்துக்கொள்ள இடமின்றித் திணறும். தொடக்கத்தில் சிறு அளவில் வேலை செய்யும் அதே மருந்து அரை மணி நேரம் கழித்துப் பெரிய அளவிலும் தோற்பதுண்டு.

இந்த இடத்தில் தமிழகத்தின் இரும்புச் சாவியைப் பற்றியும் ஒரு சொல் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ ஒருவர் வலிப்பு கண்டு விழுந்தால், சூழ்ந்து நிற்பவர்களுள் ஒருவர் சாவிக்கொத்தைத் தேடி அவர் கையில் திணிக்கிறார். திணித்த சிறிது நேரத்தில் வலிப்பு நிற்கிறது. தானே நிற்கவிருந்த வலிப்பு நின்றதற்கான பெயரைச் சாவி தட்டிக்கொண்டு போகிறது. தானே நிற்காத வகை வலிப்பு வரும்போதோ, அதே சாவியைத் தேடுவதில் கழியும் நிமிடங்கள் ஏற்பிகள் உள்வாங்கும் நிமிடங்களாக இருக்கின்றன.

கடலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. வலிப்பு நோய் உள்ளவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு, பிறரைக் காட்டிலும் 15 முதல் 19 மடங்கு மிகுதி என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். வலிப்பு கட்டுப்படாத ஒருவர் சங்கு குளிக்கவோ, நீரில் இறங்கி வலையை விடுவிக்கவோ செல்லக் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே இரு கருத்து இல்லை. முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும் சங்குக் குளிப்பு இன்றும் தூத்துக்குடியில் நடக்கும் தொழிலாகையால், இது ஏட்டளவிலான அறிவுரை அன்று. நீருக்குள் வலிப்பு வந்தவருக்கு எந்தத் தெளிப்பானும் உதவாது; அவரை வள்ளத்தில் ஏற்றி, மூச்சு உள்ளதா என்று பார்த்து, ஒருக்களித்துக் கிடத்துவதுதான் முதல் மருத்துவம். படகின் தளத்தில், அல்லது திரேஸ்புரத்துக் கரையில், அல்லது மணப்பாட்டிலிருந்து நகருக்கு விரையும் 108 ஊர்தியில் நீடிக்கும் வலிப்பு வேறு வகை. அதை நிறுத்துவதற்கான வழிகளில்தான் மூக்கு முன்னணிக்கு வருகிறது.

மற்ற வழிகளின் இடர்ப்பாட்டை எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். நரம்பூசி எனப்படும், இரத்தக் குழாயில் போடும் ஊசி மிக விரைவாக வேலை செய்யும். உதறிக்கொண்டிருக்கும் கையில், அதிலும் குழந்தையின் கையில், அந்தக் குழாயைக் கண்டுபிடிப்பதற்கோ பயிற்சியும் நேரமும் வேண்டும். ஆசனவாய் வழியாக டயஸெபாம் கொடுப்பது நெடுநாள் வழக்கம்; அதைப் பலர் முன்னிலையில், பெரியவர் ஒருவருக்கு, ஆடும் படகில் செய்வது எத்தகையது என்று விளக்கத் தேவையில்லை. கன்னத்தின் உட்புறத்தில் மருந்தை விடலாம் என்றால் பற்கள் கிட்டித்திருக்கும், எச்சிலோடு மருந்து வழிந்துவிடும், மருந்து விடப் போனவரின் விரலும் கடிபடக்கூடும். மூக்கு மட்டும் எந்த வலிப்பிலும் திறந்தே இருக்கிறது.

இந்தியாவில் இதற்கான சான்று குழந்தைகள் மருத்துவத்திலிருந்து வந்தது. புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பட்டாச்சார்யா, கால்ரா, குலாத்தி ஆகியோர் 46 குழந்தைகளுக்கு வந்த 188 வலிப்புகளை எடுத்துக்கொண்டு, மூக்கு வழி மிடசோலத்தையும் ஆசனவாய் வழி டயஸெபாமையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்டார்கள். மருந்து கொடுத்ததிலிருந்து வலிப்பு நிற்பதற்குச் சராசரியாக மிடசோலத்துக்கு 117 விநாடியும் டயஸெபாமுக்கு 179 விநாடியும் ஆயின. மும்பையில் தக்கர், ஷான்பாக் இருவரும் 50 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு இதைவிடப் பாடம் நிறைந்தது. மருந்து உடலில் சேர்ந்த பிறகு வலிப்பை நிறுத்துவதில் நரம்பூசி டயஸெபாமே சற்று முந்தியது; ஆனால் குழந்தை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த கணத்திலிருந்து எண்ணினால், மூக்கு வழியில் 6.67 நிமிடத்திலும் ஊசி வழியில் 17.18 நிமிடத்திலும் வலிப்பு அடங்கியது. இரத்தக் குழாயைத் தேடுவதில் கழிந்த நிமிடங்களே இந்த வேறுபாடு. மூக்கு வழியின் சிறப்பு மருந்தின் வலிமையில் இல்லை, கொடுப்பதற்கு ஆகும் நேரத்தில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கணக்கு கிடைப்பது அரிது.

மிடசோலத்தை இவ்வேலைக்குத் தகுதியாக்குவது அதன் மூலக்கூற்றில் உள்ள ஒரு விந்தை. புளிப்புத் தன்மையுள்ள நீர்மத்தில் அதன் வளையம் ஒன்று திறந்துகொள்கிறது. அந்நிலையில் அது நீரில் நன்கு கரையும், குப்பியில் தெளிவான கரைசலாகத் தங்கும். உடலின் இயல்பான கார-அமில நிலையைச் சந்தித்ததும் வளையம் மூடிக்கொள்கிறது. அந்நிலையில் அது கொழுப்பில் கரையும் பொருளாகி, கொழுப்பு மிகுந்த அணுச் சவ்வுகளை எளிதில் ஊடுருவுகிறது. குப்பிக்குள் நீரின் நண்பனாகவும் உடலுக்குள் கொழுப்பின் நண்பனாகவும் இருக்கும் இந்த இரட்டைக் குணத்துக்கு விலையும் உண்டு. கரைசல் புளிப்பாக இருப்பதால் மூக்கில் எரிச்சலும் கண்ணில் நீரும் வருகின்றன. மூக்கின் உட்சவ்வு எவ்வளவு நுட்பமானது என்பதைக் கடலில் முங்கி எழுந்தவர்கள் அறிவார்கள். நூற்றுக்கு 3.5 அளவு உப்புள்ள கடல்நீர், நூற்றுக்கு 0.9 அளவு உப்புக்குச் சமமான உடல்நீர் ஊறிய சவ்வைத் தொடும்போது உண்டாகும் காந்தலை, உப்பளங்கள் சூழ்ந்த நகரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மூக்கு மருந்து செய்பவர்கள் உப்பின் அளவை உடல்நீருக்கு இணையாக வைப்பதற்கும் இதுவே காரணம்.

நடைமுறையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அது மருந்தில் இல்லை, தெளிப்பானில் இருக்கிறது. இந்தியாவில் விற்கும் மிடசோலத் தெளிப்பான்கள் ஓர் அழுத்துக்கு 0.5 மில்லிகிராம் அல்லது 1.25 மில்லிகிராம் வெளியிடுபவை. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.2 மில்லிகிராம் என்பது மருத்துவர்கள் பரவலாகக் கையாளும் அளவு. இதன்படி 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 4 மில்லிகிராம் வேண்டும், 0.5 தெளிப்பானில் அது 8 அழுத்து, நாசிக்கு நான்காக. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 10 மில்லிகிராம் என்றால் அதே தெளிப்பானில் 20 அழுத்து. பதற்றத்தில் கைநடுங்கும் ஒரு தாயோ தம்பியோ இருபது வரை பிழையின்றி எண்ணி அழுத்துவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். மேலும் மூக்குக்கு ஒரு வேளையில் ஓரிரு துளி நீர்மத்தையே தாங்க முடியும். மிகுந்தது தொண்டைக்குள் வழிந்து வீணாகும். புதிய குப்பியில் முதல் சில அழுத்துகள் வெறுங்காற்றாகப் போவதும் உண்டு. அமெரிக்காவில் 2019 மே மாதம் ஒப்புதல் பெற்ற மிடசோலத் தெளிப்பான், 5 மில்லிகிராமை 0.1 மில்லிலிட்டரில் அடக்கி ஒரே அழுத்தில் தந்துவிடுகிறது; 2020 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற டயஸெபாம் தெளிப்பானும் ஒற்றை அழுத்துக்கு 0.1 மில்லிலிட்டர்தான். விலை மலிவான தெளிப்பானை இந்தியா பல ஆண்டுகளாகத் தன் மக்களுக்குத் தந்துவருவது பாராட்டுக்குரியது. பெரியவர்களுக்கு ஏற்ற செறிவில் அதைத் தர வேண்டியது இன்னும் எஞ்சியிருக்கும் வேலை.

இதுவரை சொன்ன அனைத்தும் இரத்த வழி. மிடசோலம் இரத்தத்திலிருந்து மூளைக்குள் தடையின்றி நுழையும் பொருள். அதற்கு நரம்பைப் பற்றிச் செல்லும் குறுக்குவழி தேவையே இல்லை. குறுக்குவழியை நாடுவது வேறு மருந்துகளுக்காக. 1885-இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தபோது, உறுப்புகள் எல்லாம் நிறமேற மூளை மட்டும் வெளிறியே இருந்தது. அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913-இல் சாயத்தை மூளையைச் சூழ்ந்த நீரில் செலுத்தியபோது மூளை நிறமேறியது, உடல் ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. மூளையின் நுண்குழாய்களில் சுவரணுக்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருப்பதே அந்த மதில். இரத்த-மூளைத் தடுப்பு என்பது அதன் பெயர். தப்பித் தவறி உள்ளே நுழையும் பல மருந்துகளையும் திரும்ப வெளியே தள்ளும் புரதங்கள் அச்சுவரில் காவல் இருக்கின்றன. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயாளிகள் சிலரிடம் இக்காவல் அளவுக்கு மீறி மிகுந்திருக்கிறது என்னும் கருத்தும் உண்டு. போதிய அளவு மூளையை எட்டவேண்டும் என்பதற்காக அன்றாட மாத்திரையின் அளவைக் கூட்டினால், கல்லீரலும் எலும்பும் ஈறும் தோலும் அதன் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மதிலில் திட்டிவாசல் ஒன்று உண்டு. மூக்கின் உச்சியில், மூளையின் அடித்தளத்தைத் தாங்கும் எலும்பில் சல்லடை போல் துளைகள் கொண்ட மெல்லிய தகடு இருக்கிறது; அத்துளைகளின் வழியாக முகர்வு நரம்பின் இழைகள் கீழிறங்கி மூக்கின் சவ்வில் நேரே காற்றைத் தொடுகின்றன. மூளையின் உறுப்பென்றே சொல்லத்தக்க நரம்பு வெளியுலகைத் தொடும் ஒரே இடம் இது. இவ்வழி உண்மையில் திறந்திருக்கிறது என்பதற்கு மருந்தைவிட நோயே முதலில் சான்று தந்தது. அண்மை ஆண்டுகளில் கேரளத்தில் அச்சமூட்டிய, மூளையைத் தின்னும் அமீபா என்று செய்திகளில் வந்த நீக்லேரியா, குளத்து நன்னீரிலிருந்து மூக்குக்குள் ஏறி இந்த நரம்பின் வழியேதான் மூளையை அடைகிறது. கடலின் உப்பு நீரில் அது வாழாது என்பது இக்கரைக்கு ஓர் ஆறுதல். இளம்பிள்ளை வாதக் கிருமியும் இவ்வழியே செல்வதாக 1930-களில் நம்பப்பட்டதால், 1937-இல் கனடாவின் டொரொன்டோ நகரில் ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் மூக்கில் துத்தநாகக் கரைசலைத் தெளித்து வாசலை அடைக்க முயன்றார்கள். நோய் தடுக்கப்படவில்லை, சில குழந்தைகள் மணம் அறியும் ஆற்றலை இழந்தார்கள். இந்த வாசலில் கைவைப்பவர்கள் மறக்கக் கூடாத நிகழ்ச்சி அது.

இவ்வழியே மருந்தை ஏற்றலாம் என்னும் கருத்தை 1980-களின் இறுதியில் முன்வைத்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஃபிரே. முகர்வு நரம்போடு, முகத்தின் உணர்ச்சியைத் தாங்கும் முக்கிளை நரம்பும் மூக்கின் சவ்வில் கிளை விரித்திருப்பதால் அதன் வழியாகவும் மருந்து மூளைத்தண்டை எட்டக்கூடும். எலிகளில் இது மீண்டும் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எலி மோப்பத்தால் வாழும் உயிர். அதன் மூக்கின் உட்பரப்பில் ஏறத்தாழப் பாதி முகர்வுக்கானது. மனிதனிடத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதுவும் நாசித்துளையிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டர் உள்ளே, குறுகிய இடுக்கில் இருக்கிறது. சாதாரணத் தெளிப்பான் பீய்ச்சும் துளிகளில் பெரும்பாலானவை முன்வாசலிலேயே படிந்துவிடும்.

படிந்தவையும் அங்கே தங்குவதில்லை. மூக்கின் சவ்வெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஒரே திசையில் ஓயாது அசைந்து, மேலே படர்ந்த சளிப்போர்வையைத் தொண்டையை நோக்கி நகர்த்திக்கொண்டே இருக்கின்றன. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் நிலக்கரியை அனல்மின் நிலையத்துக்குச் சுமந்து செல்லும் கன்வேயர் பட்டையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தூசு, கிருமி, மருந்து என்ற வேறுபாடு அந்தப் பட்டைக்குத் தெரியாது. மேலே விழுந்த எதையும் 15 முதல் 20 நிமிடத்துக்குள் கொண்டுபோய்த் தொண்டையில் கொட்டிவிடும். ஆகவே மருந்தைப் பட்டையின் மேல் வைப்பதைவிட, பட்டையில் ஒட்டிக்கொள்ளச் செய்வதுதான் இத்துறையின் மையக் கேள்வி.

அந்த ஒட்டுப்பொருளைத் தேடியவர்கள் வந்து நின்ற இடங்களில் ஒன்று இறால் ஓடு. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் கைட்டின் என்னும் நார்ப்பொருள் இருக்கிறது. ஓட்டை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் கொதிக்கவைத்துப் புரதத்தை நீக்கி, எஞ்சும் கைட்டினை மிகச் செறிந்த காரத்தில் மீண்டும் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கிறது. வெளிறிய செதில்களாக, மணமற்றதாக, வினிகர் போன்ற மென்மையான அமிலத்தில் பிசினாகக் கரைவதாக இருக்கும் அது, மூல ஓட்டின் கவிச்சியை அறிந்தவர்களுக்கு நம்ப முடியாத மாற்றம். கைட்டோசானுக்கு நேர்மின் தன்மை உண்டு, மூக்குச் சளிக்கு எதிர்மின் தன்மை. எனவே இரண்டும் பற்றிக்கொள்கின்றன. அதற்கும் மேலாக, சவ்வணுக்களின் இடையே உள்ள இறுக்கமான பூட்டைச் சிறிது நேரம் தளர்த்தவும் கைட்டோசானால் முடிகிறது. இங்கிலாந்தில் நாட்டிங்காமில் பணியாற்றிய லிஸ்பெத் இல்லும் குழுவினர் 1994-இல் இதை வெளியிட்ட பிறகு, மூக்கு மருந்து ஆய்வில் கைட்டோசான் நிலையான இடம் பெற்றது. இறாலைத் தலை நீக்கி உரித்தால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கழிவாகும் என்பதால், ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் தூத்துக்குடி போன்ற நகரங்களில் மூலப்பொருளுக்குப் பஞ்சமில்லை.

பாசியும் இந்த வரிசையில் வருகிறது. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று வழங்கும் பழுப்புப் பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட், நீர்மமாக இருந்து சுண்ணாம்புச் சத்தைச் சந்தித்ததும் கூழாக உறையும் இயல்புடையது. மூக்கில் சொட்டாக விட்டால் அங்குள்ள நீரின் சுண்ணாம்பைக் கொண்டே உறைந்து, மருந்தைப் பிடித்துவைத்து மெல்ல விடுவிக்கும். நோன்புக் காலத்தில் காயல்பட்டினத்து வீடுகளில் தட்டில் ஊற்றி உறையவைக்கும் கடற்பாசியை ஒத்ததே இதுவும். அது சூடு தணிந்து உறைகிறது, இது சுண்ணாம்பைத் தொட்டு உறைகிறது.

மருந்தை இப்பொருள்களில் மீநுண் துகள்களாகப் பொதிவதற்கு முத்தே நல்ல உவமை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சுவாமி தலைமையிலான குழு தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கியபோது, சிப்பியின் உடலில் ஒரு சிறு மணியை வைத்து, அதன்மேல் சிப்பியே படலம் படலமாக முத்துப்பூச்சைப் பூசும்படி செய்தது. மீநுண் துகள் மருந்திலும் உள்ளே கரு, மேலே பூச்சு. கரு என்பது வலிப்பு மருந்து, பூச்சு என்பது கைட்டோசான் போன்றது. அளவு மட்டும் வேறு. ஐந்து மில்லிமீட்டர் முத்தின் குறுக்களவில் நூறு நானோமீட்டர் துகள்களை வரிசையாக அடுக்கினால் ஐம்பதாயிரம் அடங்கும்.

இந்தியாவில் இத்துறைக்குத் தொடக்கத்திலேயே பங்களித்தது பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அம்பிகாநந்தன் மிஸ்ராவின் குழு. வலிப்பு மருந்தாகிய குளோனசெபாமை எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்த குழம்பில் கரைத்து, சளியில் ஒட்டும் பொருளையும் சேர்த்து, கதிரியக்க அடையாளமிட்டு விலங்குகளின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். நரம்பூசியாகக் கொடுத்ததைவிட மூக்கில் விட்டதில் இரத்தத்தை நோக்க மூளையில் சேர்ந்த பங்கு மிகுந்திருந்ததை 2006-இல் வெளியிட்டார்கள். லாமோட்ரிஜின், கார்பமசெபைன் போன்ற அன்றாட வலிப்பு மருந்துகளிலும் இத்தகைய ஆய்வுகள் பின்னர் பெருகின. ஆனால் கைட்டோசானை மூக்குக்குக் கொண்டுவந்த இல்லும் அம்மையாரே 2004-இல், மூக்கிலிருந்து மூளைக்கு மருந்து நேரே செல்வது மனிதனில் உண்மைதானா என்ற வினாவையே தலைப்பாக வைத்து ஒரு திறனாய்வு எழுதினார். அந்த வினாவுக்கு வலிப்பு மருந்துகளின் அளவில் திடமான விடை இன்றும் கிடைத்துவிடவில்லை. அன்றாட மாத்திரைக்கு மாற்றாக, நரம்பு வழியே மூளைக்குச் செல்லும் வலிப்பு மருந்து எதுவும் நோயாளிகளின் பயன்பாட்டுக்கு ஒப்புதல் பெறவில்லை.

மூக்கில் மருந்து என்றதும் சித்த மருத்துவம் நினைவுக்கு வருவது இயல்பு. அதன் 32 வகைப் புற மருந்துகளில், நீர்மமாக விடும் நசியம், தூளாக இடும் நாசிகாபரணம், ஊதல் என மூக்கைச் சார்ந்தவை தனித்தனியே பெயர் பெற்றிருப்பது, அந்த வாசலின் மதிப்பை முன்னோர் அறிந்திருந்தனர் என்பதைக் காட்டும். அந்த வரலாற்றைப் போற்றுவதும், வலிப்பு கண்டு நினைவிழந்து கிடப்பவரின் மூக்கில் எண்ணெயையோ சாற்றையோ ஊற்றுவதும் ஒன்றல்ல. நினைவற்றவரின் தொண்டை தன்னைக் காத்துக்கொள்ளாது. ஊற்றியது நுரையீரலுக்குள் இறங்கினால், வலிப்பில் பிழைத்தவர் நுரையீரல் அழற்சியில் இறக்க நேரிடும்.

மிடசோலத் தெளிப்பானும் விளையாட்டுப் பொருள் அன்று. அளவு மிகுந்தால் மூச்சு மந்தமாகும். வலிப்பு நின்ற பிறகு நோயாளி ஆழ்ந்து உறங்குவதால், மூச்சு சீராக இருக்கிறதா என்று அருகிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் வேலை சில மணி நேரத்தில் தேய்ந்துவிடும் என்பதால் வலிப்பு திரும்பவும் வரலாம். எனவே வலிப்பு நின்றாலும் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். சளி, மூக்கடைப்பு, மூக்கில் இரத்தக் கசிவு இருந்தால் மருந்து முழுமையாக ஊறாது. 2014-இல் நடைமுறைக்கு வந்த எச்1 என்னும் அரசு அட்டவணையில் மிடசோலம் இடம்பெற்றிருப்பதால், மருத்துவர் சீட்டின்றி அதை விற்கக் கூடாது. வாங்கியவர் விவரத்தைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். தவறான பயன்பாட்டைத் தடுக்க இந்தக் கட்டுப்பாடு தேவையே. ஆனால் கடற்கரைச் சிற்றூர்களின் சிறு மருந்துக் கடைகள் பதிவேட்டுக்கு அஞ்சி மருந்தையே வாங்கி வைக்காமல் விட்டால், தேவைப்படும் இடத்தில் அது கிடைக்காமல் போகும். கரையோர ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒவ்வொன்றிலும் காலாவதி பார்த்த ஒரு தெளிப்பான் இருப்பது இதற்கு எளிய மாற்று.

வீட்டில் வலிப்பு மாத்திரை உட்கொள்பவர் யாரேனும் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் வீட்டில் உள்ளவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். தெளிப்பான் பொருந்தும் என்று அவர் சொன்னால், எந்தச் செறிவு, நாசிக்கு எத்தனை அழுத்து என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கி, குப்பியோடு சேர்த்து ஈரம் புகாத உறையில் வைத்து, கடலுக்குப் போகிறவர் என்றால் உடன் போகும் ஒருவர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.